அக்ரெடிடேஷன்: கடை நோட்டு கடனும் டாக்டருங்க கிரெடிட்டும்

காவேரிப்பட்டணத்துல மெடிக்கல் வெச்சிருக்கற எங்க மாமா ஒரு மருத்துவப் பயிற்சி வகுப்போட நோட்டீஸ காட்டி, "அக்ரெடிடெட் ப்ரோக்ராம், கிரெடிட் அவர்ஸ் உண்டுன்னு போட்டிருக்கே, கிரெடிட்னா கடன்தானேப்பா, இதுல யாரு யாருக்கு கடன் குடுக்கறாங்க"ன்னு கேட்டாரு. அவர் கேட்டது ரொம்ப சரியான கேள்வி, ஏன்னா அக்ரெடிடெட், கிரெடிட் ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான்.

லத்தீன்ல கிரெடெரேன்னா நம்பறது. கிரெடிட்டும்னா நம்பி ஒப்படைச்ச பொருள், அதாவது கடன். மளிகைக் கடையில நோட்டுல எழுதிக்கறாங்களே, அதுவும் ஆள நம்பித்தானே. அதே வேர்ல பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்ததுதான் அக்ரெடிட், ஒரு நாட்டுத் தூதர் கொண்டுபோற கடிதம், "இவர் சொன்னா நாங்க சொன்ன மாதிரி, நம்புங்க"ன்னு சொல்லுதே, அந்த அர்த்தம். அப்புறமாதான் காலேஜ், ஆஸ்பத்திரி, பயிற்சின்னு எல்லாத்துக்கும் போச்சு.

தமிழ்ல இதுக்கு எல்லாரும் எழுதறது அங்கீகாரம். சமஸ்கிருதச் சொல்லு, தன்னோட அங்கமா ஆக்கிக்கறது, ஏத்துக்கறதுன்னு பொருள். அழகான சொல்லுதான், ஆனா பாரம் அதிகமாயிடுச்சு. ஓசூர் ரோட்டுல "அங்கீகரிக்கப்பட்ட மனைகள்"னு போர்டு இருக்கு, பள்ளிக்கூடத்துக்கும் அங்கீகாரம், நிருபருக்கும் அங்கீகார அட்டை. அப்ரூவல், ரெகக்னிஷன், அக்ரெடிடேஷன் மூணும் ஒரே சொல்லுல அடங்கிப் போயிடுது. அக்ரெடிடேஷன்னா வெளியாள் ஒருத்தர் வந்து தரத்த அளந்து பாத்து, இத்தன வருஷத்துக்குன்னு குடுத்து, காலம் முடிஞ்சா மறுபடி பாக்கறது. தரச்சான்றுன்னும் எழுதறாங்க, ஆனா அது பொருளுக்கு குத்தற முத்திரை மாதிரி கேக்குது. எனக்குப் பிடிச்சது தர ஏற்பு, தரமும் இருக்கு, நம்பி ஏத்துக்கறதும் இருக்கு.

சி.எம்.இ.ன்னு சுருக்கமா சொல்ற கன்டினியூயிங் மெடிக்கல் எஜுகேஷனுக்கு தொடர் மருத்துவக் கல்வின்னு நல்ல சொல்லு ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, தொலைநிலைக் கல்வியோட மட்டும் குழப்பிக்க வேணாம், இது வேலை பாக்கறவங்க வேலையில இருந்துக்கிட்டே புதுசா கத்துக்கறது. 2002 மருத்துவ ஒழுக்க விதிகள்ல டாக்டருங்க 5 வருஷத்துக்கு 30 மணி நேரமாவது இதுல கலந்துக்கணும்னு இருக்கு, இப்படி கலந்துக்கிட்டதுக்கு கணக்குல சேர்ற மணி நேரம்தான் கிரெடிட் அவர்ஸ். பார்மசிஸ்டுக்கு 2015 விதிமுறைப்படி 5 வருஷத்துல குறைஞ்சது 2 ரிஃப்ரெஷர் கோர்ஸ். மாமா நோட்டீஸ பத்திரமா வெச்சிருந்ததுக்கு இதான் காரணம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். நோட்டீஸ்ல கீழ 3 அமைப்போட பேரு, "இணைந்து வழங்கும்"னு. இதுல நம்பிக்கை யார்கிட்ட இருக்கு? உதாரணத்துக்கு, அமெரிக்காவுல டாக்டருங்களோட தொடர் கல்வி தரத்த பாக்கறதுக்குன்னு 1981ல வந்த ஏ.சி.சி.எம்.இ. அமைப்பு ஒவ்வொரு வகுப்புக்கும் ஏற்பு குடுக்கறதில்ல, நடத்தற அமைப்புக்குத்தான் குடுக்குது. ஏற்பு வாங்கின அமைப்பு, வாங்காத அமைப்போட சேந்து நடத்தலாம், ஆனா பாடம் சரியா இருக்கா, மருந்து விளம்பரம் உள்ள நுழைஞ்சிடுச்சாங்கற பொறுப்பு முழுக்க ஏற்பு வாங்கினவங்க தலையிலதான். மருந்து கம்பெனி இதுல கூட்டாளியா சேரவே முடியாது. 2009ல டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட் மூணு பேரோட தொடர் கல்விக்கும் ஏற்பு குடுக்கற அமைப்புங்க கூடி ஒரே கூட்டு ஏற்பும் கொண்டுவந்தாங்க. எனக்கு அது ரொம்ப பிடிச்சிருக்கு, ஏன்னா தருமபுரி கிருஷ்ணகிரி பக்கம் தண்ணியில ஃப்ளோரைடு, பல்லு கறை, எலும்பு வளையறதுன்னு வர்றவங்கள பாக்கறது டாக்டர் ஒருத்தர் மட்டுமா, நர்ஸும் பாக்கறாங்க, மெடிக்கல்ல முட்டி வலி மாத்திரை கேட்டு வந்து நிக்கறதும் அவங்கதான், மூணு பேரும் ஒரே வகுப்புல உக்காரணும்.

பாலக்கோடு பக்கம் ஸ்டாஃப் நர்ஸா இருக்கற எங்க அக்கா ஒரு நாள் லீவு போட்டு, கையில இருந்து பணம் கட்டி ஒரு பயிற்சிக்கு போனாங்க. வந்தது பங்கேற்புச் சான்றிதழ் மட்டும், கிரெடிட் இல்ல. நோட்டீஸ்ல இருந்த பேருல ஒருத்தர்கிட்டயும் ஏற்பு இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. ரொம்ப வருத்தப்பட்டாங்க.

அதனால மாமாவோட நோட்டீஸ எடுத்து நானே தமிழ்ல எழுதிப் பாத்தேன்: "தர ஏற்பு பெற்ற தொடர் மருத்துவக் கல்வி. இணைந்து வழங்குவோர்: இன்னார், இன்னார். தர ஏற்பு பெற்றவர்: இன்னார். ஏற்பு மணி: 2." அதுல மூணாவதா இருக்கற வரி மாமா வெச்சிருந்த நோட்டீஸ்ல இல்ல, போன் போட்டு கேக்கறேன்னு சொல்லியிருக்காரு.