எக்ஸ்ஆர்டி சொல்லும் 28 நானோமீட்டர் உங்கள் துகளின் அளவு அல்ல

இந்த வாரமும் ஒரு கட்டுரை வரைவு மேசைக்கு வந்தது. கண்ணாடிமேல் ஜிங்க் ஆக்சைடு மென்படலம், சோல்-ஜெல் கரைசலை ஸ்பின் கோட்டிங் முறையில் (சுழற்றிப் பரப்பி) பூசி, 450 டிகிரி செல்சியஸில் சூடாக்கியது. எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் 200 நானோமீட்டர் உருண்டைகள் பளிச்சென்று தெரிகின்றன. கீழே, எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் படிகத்தில் பட்டு எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்று வரைபடமாகப் பார்க்கும் முறை) துகள் அளவு 28 நானோமீட்டர், இது எஸ்இஎம் முடிவோடு ஒத்துப்போகிறது என்று எழுதியிருக்கிறது. எங்கே ஒத்துப்போகிறது? மாணவரைக் குறை சொல்ல மனமில்லை, சீனியரின் ஆய்வேட்டில் இருந்ததைத்தான் அவரும் எழுதியிருப்பார், ஆனால் இதைத் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.

1918இல் வந்த ஷெரர் சமன்பாடு, எக்ஸ்ஆர்டி வரைபடத்தில் எழும் பீக்கின் (கூர்முனையின்) அகலத்தை வைத்துத் தருவது படிகக்கூறின், அதாவது கிரிஸ்டலைட்டின் அளவு. அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கியிருக்கும் பகுதி எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுதான் அது. ஒரு துகளுக்குள் இப்படிப் பல பகுதிகள் இருக்கலாம், மாதுளைக்குள் முத்துகள் இருப்பதுபோல. எஸ்இஎம் காட்டுவது பழத்தை, எக்ஸ்ஆர்டி அளப்பது முத்தை. இரண்டும் வேறு எண் தருவதில் தப்பே இல்லை, இரண்டும் ஒன்று என்று சாதிப்பதுதான் தப்பு.

சரி, அந்த 28 தானாவது உறுதியா? ஜிங்க் ஆக்சைடின் 36.25 டிகிரி பீக்கை எடுங்கள், தாமிரக் குழாயின் எக்ஸ்-கதிர், அகலம் 0.30 டிகிரி. அப்படியே சமன்பாட்டில் போட்டால் 28 வரும். அந்த அகலத்தில் கருவியின் பங்கே 0.15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதைக் காஸியன் முறையில் (அகலங்களின் வர்க்கங்களை) கழித்தால் 32, லோரென்ட்சியன் முறையில் (அகலங்களை நேராக) கழித்தால் 56. அதே பீக், அதே தாள்! இதில் 27.94 என்று இரண்டு தசமம் போடுவதற்கு என்ன பொருள்? படலத்தில் உள்ள திரிபும் (அணு அடுக்குகள் இழுபட்டோ நெரிந்தோ இருப்பதும்) பீக்கை அகலமாக்கும், அதை ஒரே பீக்கின் அகலத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. லாந்தனம் ஹெக்சாபோரைடு போன்ற ஒப்பீட்டு ஸ்டாண்டர்டை ஓட்டி, கருவி அகலத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தராத ஆய்வகம் இல்லை, கேட்பவர்கள்தான் இல்லை.

அடுத்தது, அடித்தளம். எஃப்டிஓ கண்ணாடிமேல் (ஃப்ளோரின் கலந்த டின் ஆக்சைடு பூசிய கண்ணாடி) டைட்டானியா பூசிவிட்டு 37.8 டிகிரி பீக்கை அனடேஸ் (டைட்டானியாவின் ஒரு படிக வடிவம்) என்று குறிக்காதீர்கள், டின் ஆக்சைடுக்கும் அங்கேதான் பீக். அனடேஸுக்கு 25.3 டிகிரி பீக்கைப் பாருங்கள்.

கிராபீன் ஆக்சைடு கலந்த நானோகலவையில் 10, 11 டிகிரி பக்கம் பீக் காணவில்லை என்றதும் அடுக்கியிருந்த கிராபீன் ஆக்சைடு தாள்கள் முழுக்கப் பிரிந்துவிட்டன என்று எழுதுகிறீர்கள். நீங்கள் போட்டதே ஒரு சதவீதம் என்றால் அது தெரியாமலே போகலாம். ராமன் நிறமாலை எடுங்கள்.

அப்புறம், தயவுசெய்து, அளக்க வரும்போது, எந்தப் பீக் அடித்தளத்தினுடையது என்று தெரிய, பூசாத கண்ணாடித் துண்டு ஒன்றையும் படலத்தோடு அதே உலையில் சூடாக்கிக் கொண்டு வாருங்கள். படலம் இல்லாத பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள், எந்தப் பக்கம் என்று தெரியாமல் புரட்டிப் புரட்டிப் பார்க்கும்போதே பாதிப் படலம் கீறிப்போகிறது.