முன் காற்றுத் தடுப்பு மாட்டும் முன் ரேடியேட்டரையும் பிரேக்கையும் பாருங்கள்

எழுபதுகளில் வந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் வேகம் கூடக் கூட முன்பக்கம் லேசாகி, ஸ்டியரிங் பிடிப்பில்லாமல் மிதப்பதுபோல் இருக்கும். காரின் அடியில் புகும் காற்றும் பானெட்டின் மேல் ஓடும் காற்றும் சேர்ந்து முன் அச்சைத் தூக்குவதே அதற்குக் காரணம். இந்தத் தூக்கு விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் வளர்கிறது, 60 கி.மீ. வேகத்தில் உணரவே முடியாத விசை 120 கி.மீ. வேகத்தில் நான்கு மடங்காகிவிடும். 1972ஆம் ஆண்டின் போர்ஷே 911 எஸ் காரில் அந்த நிறுவனமே முன் பம்பருக்குக் கீழே ஒரு தடுப்பைச் சேர்த்தது இந்தத் தூக்கலைக் குறைக்கத்தான். ஆகவே ஏர் டேம் என்று நாம் சொல்லும் இந்த முன் காற்றுத் தடுப்பு வெறும் அலங்காரப் பொருள் அன்று. ஆனால் அலங்காரப் பொருளாகவே அது வாங்கப்படுகிறது என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய கார்களுக்கு வேலை செய்யும் எங்கள் பட்டறைக்கு, நகரின் புறப்பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வரும் இளைஞர்கள், அப்பாவோ மாமாவோ ஓட்டிய டாட்சன் 240 இசட் அல்லது எம்.ஜி.பி. காரோடு, இணையத்தில் வாங்கிய ஃபைபர் தடுப்பு ஒன்றையும் கொண்டுவந்து, "அண்ணா, இதை மாட்டிக் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்கிறார்கள். மாட்டுவது கடினமில்லை. மாட்டிய பின் ரேடியேட்டருக்கும் முன் பிரேக்குகளுக்கும் காற்று எந்த வழியாகப் போகும் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் அந்த வேலையைத் தொடங்க நான் ஒப்புக்கொள்வதில்லை.

முதலில் ரேடியேட்டரைப் பார்ப்போம். அதன் வழியே காற்று ஓடுவது, முன்னால் உள்ள அழுத்தம் பின்னால் எஞ்சின் அறையில் உள்ள அழுத்தத்தைவிட மிகுந்திருப்பதால்தான். சரியான வடிவமுள்ள தடுப்பு காரின் அடியில் அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சின் அறையின் சூடான காற்றைக் கீழே இழுத்துவிடுவதால் குளிர்ச்சி கூடவும் செய்யும். தவறான தடுப்போ, பம்பருக்குக் கீழே நிறுவனம் விட்டிருந்த திறப்பை மூடிவிடும். மலிவான தடுப்புகள் சிலவற்றில் துளை போலத் தெரியும் பள்ளம் உண்மையில் துளையே அன்று. அச்சில் வந்த உருவம் மட்டுமே. அப்படி ஒன்றை வேறொரு பட்டறையில் மாட்டிக்கொண்ட வாடிக்கையாளர் ஒருவர், டர்பன் நகருக்குள் எந்தக் குறையும் இல்லாமல் ஓட்டிவிட்டு, ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக என்3 நெடுஞ்சாலையில் புறப்பட்டார். வான் ரீனன் கணவாயில் ஏறும்போது வெப்பநிலை ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டது. கடல் மட்டத்தில் தாக்குப்பிடித்த குளிர்ச்சி மேட்டில் தாக்குப்பிடிக்காததற்குக் காரணம் உண்டு. ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி டர்பனில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால், அதே வேகத்தில் ரேடியேட்டரிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும் காற்றும் அந்த அளவுக்குக் குறைகிறது. திறந்த பாத்திரத்துத் தண்ணீர் அவ்வுயரத்தில் 94 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் அழுத்த மூடி கொதிநிலையை உயர்த்திக் காக்கிறது. ஆனால் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அந்தக் காப்பும் போய்விடும்.

அந்தக் காரில் நாங்கள் செய்தது எளிய வேலைதான். தடுப்பில் இருந்த போலிப் பள்ளத்தை வெட்டித் திறந்தோம்; அந்தத் திறப்பிலிருந்து ரேடியேட்டரின் விளிம்பு வரை இரு பக்கமும் அலுமினியத் தகடு வைத்து வழி அமைத்தோம்; மீதமிருந்த சந்துகளை ஸ்பாஞ்சுப் பட்டையால் அடைத்தோம். காற்று எப்போதும் எளிய வழியையே தேடும். ரேடியேட்டரைச் சுற்றி இரண்டு விரல் அகலச் சந்து இருந்தால், நெருக்கமான தகடுகளுக்குள் புகுவதை விட்டுவிட்டு அந்தச் சந்து வழியாகவே அது ஓடிப்போகும்.

ரேடியேட்டரைவிட எனக்கு அதிகக் கவலை தருவது பிரேக்தான், ஏனென்றால் அதற்கு எச்சரிக்கை ஊசி கிடையாது. மேலே சொன்ன இரு கார்களிலும் முன் சக்கரத்தில் இருப்பது உள்ளே காற்றுக் குழிகள் இல்லாத ஒற்றைத் தகட்டு டிஸ்க். அது தன் வெப்பத்தை, காரின் அடியில் ஓடி வரும் காற்றிடமே பெருமளவு ஒப்படைக்கிறது. அகலமான தடுப்பு ஒன்று அந்தக் காற்றை மறித்து இரு பக்கமும் விலக்கிவிட்டால் டிஸ்க் ஆறுவதற்கு வழியில்லை. இதனோடு நம் கடற்கரையின் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை எண்ணெய்க்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி என்றால், ஈரம் ஏறிய நிலையில் அது 155 டிகிரி வரை இறங்கலாம். உள்நாட்டிலிருந்து திரும்பி வரும் ஒருவர் ஹில்டனைத் தாண்டி டவுன் ஹில் இறக்கத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நோக்கி நெடுந்தொலைவு பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பருக்குள் எண்ணெய் கொதித்துக் குமிழி உண்டாகி, மிதி தரைவரை போய்விடும். சரக்கு லாரிகளுக்கு நடுவே அப்படி நேர்வதை நினைத்துப் பார்க்கவே எனக்கு மனம் வருவதில்லை.

எனவே தடுப்பு மாட்டும் காருக்குப் பிரேக் எண்ணெயை முழுவதும் மாற்றியே அனுப்புகிறேன். தடுப்பில் இரு பக்கமும் துளையிட்டு, வெப்பம் தாங்கும் குழாயை டிஸ்கின் உட்புற நடுப்பகுதி நோக்கிக் கொண்டுசெல்வது இன்னும் நல்லது. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, டயர் அந்தக் குழாயிலோ தடுப்பின் ஓரத்திலோ உரசவில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழக்கத்தையும் வாடிக்கையாளரிடம் வற்புறுத்துகிறேன்.

பொருத்தும் முறை குறித்து ஒரு கணக்கு. ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் 20 செ.மீ. உயரமும் உள்ள தடுப்பின்மேல், 120 கி.மீ. வேகத்தில் சுமார் 19 கிலோ எடைக்கு ஈடான விசை பின்னோக்கி அழுத்துகிறது. ஐம்பது ஆண்டு பழைய மெல்லிய தகட்டில் நான்கைந்து ஸ்க்ரூக்களை மட்டும் திருகிவிட்டு அந்த விசையை ஏற்கச் சொல்வது தவறு. மேல் விளிம்பில் அகலமான வாஷர்களுடன் போல்ட் போடுவதோடு, கீழ் விளிம்பிலிருந்து சேசிஸ் வரை இரண்டு தாங்கு கம்பிகளும் வேண்டும். கழன்ற தடுப்பு முன் சக்கரத்துக்கு அடியில் போனால் ஓட்டுநரால் எதுவும் செய்ய முடியாது. துளையிட்ட ஒவ்வொரு இடத்திலும் துத்தநாகப் பிரைமர் பூசுங்கள். டர்பனின் உப்புக்காற்றில் பூசாமல் விட்ட துளையைச் சுற்றி வெகு விரைவில் துரு பிடித்துவிடும். இழுத்துச் செல்லும் கொக்கியை மறைத்துவிடாதீர்கள்.

தரைக்கும் தடுப்புக்கும் இடையிலான தூரத்தைக் கார் வெறுமனே நிற்கும்போது அளந்தால் போதாது. இருவர் உட்கார்ந்து, ஸ்பிரிங் அழுந்திய நிலையில் அளக்க வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் வீடுகள் பல மேட்டில் இருப்பதால் சாலையிலிருந்து ஏறும் வாசல் பாதைகள் செங்குத்தாக இருக்கும். நேரான மரச்சட்டம் ஒன்றை முன் டயரின் அடியிலிருந்து தடுப்பின் கீழ் விளிம்பு வரை சாய்த்துவைத்துப் பார்த்தால், அந்தச் சரிவில் ஏறுமா இடிக்குமா என்பது தெரிந்துவிடும். இத்தகைய வீடுகளுக்கு, உடைந்தால் கூர்முனையாகத் தெறிக்கும் ஃபைபரைவிட வளையும் பாலியூரித்தேன் தடுப்பையே பரிந்துரைக்கிறேன். வெளியே நீட்டும் கூர்முனையோ மறைக்கப்பட்ட இண்டிகேட்டரோ நம் நாட்டில் கார் கைமாறும்போது வேண்டிய தகுதிச் சான்றிதழுக்குத் தடையாகும்.

மாட்டி முடித்து முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்களையும் மறுபடி இறுக்குங்கள். நெடும்பயணம் போவதற்கு முன், பைன்டவுனிலிருந்து க்ளூஃபுக்குப் போகும் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் ஒருமுறை ஏறி, ஊசி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தடுப்பு மாட்டுவதற்கு முன் அதே ஏற்றத்தில் அது நின்ற இடத்தோடு ஒப்பிட்டால் ரேடியேட்டர் பற்றிய கேள்விக்கு விடை கிடைத்துவிடும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் இந்த மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, அவர்கள் அனுப்பும் பதிலைக் காரின் ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள்.