டபிள்யூ ரேட்டிங் டயர் குழியில் ஏன் புடைத்தது?

போன மாதம் ஒரு ஸ்விஃப்ட் கார் என் டயர் கடைக்கு வந்தது. முன்பக்க இடது டயரின் சைடுவாலில், அதாவது பக்கச் சுவரில், பாதி எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு. உள்ளே இருக்கும் இழைகள் அறுந்துபோய், அந்த இடத்தில் காற்றை வெறும் ரப்பர் மட்டுமே பிடித்துவைத்திருந்தது. அதே டயரில் ஈரோட்டிலிருந்து பைபாஸ் வழியாக ஓட்டி வந்திருக்கிறான், காரின் சொந்தக்காரத் தம்பி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"டபிள்யூ ரேட்டிங்குங்ணா. 270 ஸ்பீடு வரைக்கும் தாங்கும்னுதானே சொல்லிக் குடுத்தாங்க. ஒரு சின்னக் குழிக்கே எப்படிங்ணா இப்படி ஆகும்?" என்றான் தம்பி.

கோவையில் பதினெட்டு வருஷமாக டயர், வீல் அலைன்மென்ட் வேலை பார்க்கிறேன். இதே கேள்வியை இளவட்டங்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். பெர்பாமன்ஸ் டயர் என்றால் அகலத்தையும் கடைசி எழுத்தையும் பார்க்கிறோம். அந்த எழுத்தை ஒட்டி முன்னால் இருக்கும் இரண்டு இலக்க எடை எண்ணை, டயர் எவ்வளவு சுமை தாங்கும் என்று சொல்வதை, பார்ப்பதில்லை.

அந்தக் காரின் ஒரிஜினல் சைஸ் 185/65 ஆர்15, எடை எண் 88. தம்பி வேறு ஊரில் ஒரு கடையில் பழைய அலாய் சக்கரங்களோடு சேர்த்து வாங்கிப் போட்டிருந்தது 205/45 ஆர்17 84 டபிள்யூ. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். சாய்கோட்டுக்குப் பிறகு வருவதை நிறைய பேர் மில்லிமீட்டர் என்றே நினைக்கிறார்கள். அது சதவீதம். 185-இல் 65 சதவீதம் என்றால் சைடுவால் உயரம் 120 மி.மீ. 205-இல் 45 சதவீதம் 92 மி.மீ.தான். ஆர் என்பது ரேடியல், டயருக்குள் இழை கட்டும் முறை; அடுத்து வருவது ரிம்மின் அளவு, அங்குலத்தில்.

டயரின் மொத்த உயரத்தைக் கணக்குப் போட்டால் பழையது ஏறத்தாழ 621 மி.மீ., புதியது 616. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை, ஸ்பீடோமீட்டர் ஏமாற்றாது. மாற்றிக் கொடுத்தவர் இதைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் குழியில் இறங்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள இருந்த ரப்பரில் 28 மி.மீ. போய்விட்டது. எடை எண்ணும் இறங்கிவிட்டது: 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84 என்றால் 500.

"நாலு டயருக்கு 2000 கிலோ வருதேங்ணா. அஞ்சு பேர் ஏறினாலும் வண்டி அவ்வளவு வெயிட் வராதே?"

நல்ல கேள்விதான். ஆனால் எடை நான்கு சக்கரத்திலும் சமமாக உட்காருவதில்லை. இன்ஜின் முன்னால் இருக்கிறது, பிரேக் அடித்தால் இன்னும் முன்னால் சாய்கிறது, வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் சுமக்கிறது. அதைவிட முக்கியமானது காற்று. அந்த 500 கிலோ, 36 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று இருந்தால்தான். கேஜ் வைத்துப் பார்த்தேன், 28 காட்டியது.

"ரைடு கல்லாட்டம் இருந்துச்சுங்ணா, அதான் காத்தைக் குறைச்சேன்."

காரணம் அங்கேதான் இருந்தது. சைடுவால் குட்டையானதால் வண்டி தூக்கிப்போட்டது. தூக்கிப்போட்டதால் காற்றைக் குறைத்தான். குறைந்த காற்றில் டயர், குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி உள் இழை அறுந்தது. டபிள்யூ எழுத்தால் இதில் எதையும் தடுத்திருக்க முடியாது.

அந்த எழுத்து சொல்வது, எடை எண் குறிக்கும் சுமையோடு டயர் எவ்வளவு வேகம்வரை தாங்கும் என்பதை. எஸ் 180 கி.மீ., டி 190, எச் 210, வி 240, டபிள்யூ 270, ஒய் 300. (எச் அகர வரிசையில் எஸ்ஸுக்கு முன்னால் வந்தாலும் வேகத்தில் டி-க்கு மேலே. இதில் கடைக்காரர்களே குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.) சோதனைக் கூடத்தில், புது டயரை, சரியான காற்றோடு உருளை மேல் ஓடவிட்டுக் கொடுக்கும் எழுத்து அது. அடிப்படையில் அது வெப்பக் கணக்கு. ஓடும்போது சைடுவால் மடங்கி மடங்கி நிமிர்வதில் சூடு ஏறும், வேகம் கூடக் கூட இன்னும் ஏறும். காற்று குறைந்தாலும் இதேதான். 28 பிஎஸ்ஐயில் வெயில் காலத்து பைபாஸில் போகும் டயருக்கு 270 என்ற பேச்சே கிடையாது.

நம் நாட்டில் எந்தச் சாலையிலும் 120-க்கு மேல் அனுமதி இல்லாதபோது எச், வி எதற்கு என்று கேட்கலாம். அந்த டயர்களில் ஸ்டீல் பெல்ட்டுக்கு மேல் நைலான் பட்டையும் வைத்து இறுக்கமாகக் கட்டியிருப்பார்கள். ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும், அவசரப் பிரேக்கில் வண்டி அலையாது. அது உண்மையான பலன்தான். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுகிறவர்களும் வருவார்கள். அவர்களுக்கு நான் முதலில் காட்டுவது டிரெட்வேர் எண்ணை, அதாவது ரப்பர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று சொல்லும் எண்ணை. 200 என்றால் மென்மையான ரப்பர், வளைவில் ஒட்டிப் பிடிக்கும், சீக்கிரம் கரையும். தினமும் ஆபீஸ் போக அது வேண்டாம், 400 பக்கம் போதும்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். அதே 185/65 ஆர்15-இல் 88 எச் போட்டாலே வித்தியாசம் தெரியும், மழையில் நன்றாகப் பிடிக்கும் டிசைனாகப் பார்த்து வாங்கு. 16 அங்குலம்தான் வேண்டுமென்றால் 195/55 ஆர்16, எடை எண் 88-க்குக் குறையாமல். அது எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்குவது) என்று போட்ட டயராக இருக்கும், முழு எடையைத் தாங்க 42 பிஎஸ்ஐ கேட்கும். டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும் காற்றை அப்படியே அடித்தால் அதன் பலம் முழுதாகக் கிடைக்காது. எவ்வளவு அடிப்பது என்று போடுகிறவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள். எழுத்து, கம்பெனி கொடுத்ததற்குக் கீழே போகவே கூடாது. நான்கில் ஒன்று மட்டும் குறைந்தாலும் வண்டியின் எல்லை அந்த ஒன்றுதான்.

பிறகு டயரின் வண்டியைப் பார்த்த பக்கம் டார்ச் அடித்து இன்னொன்றையும் காட்டினேன். நீள்வட்டத்துக்குள் 2316. அதாவது 2016-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டை, தேயாமல் ஆழமாகத்தான் இருந்தது, ஆனால் பள்ளங்களுக்குள் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. தம்பி குனிந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பழைய 15 அங்குலச் சக்கரங்கள் வீட்டு மொட்டைமாடியில் கிடந்தன. அவன் அப்பாவே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். டயர்கள் நன்றாக இருந்தன, போட்டு பேலன்ஸ் செய்துகொடுத்தேன். "அந்த மூணையும் வித்துடலாமாங்ணா?" என்று கேட்டான். "வாங்குறவங்க வீட்லயும் ஆளுங்க இருக்காங்க தம்பி" என்றேன். நான்கையும் கடையிலேயே விட்டுப் போனான். புடைத்ததை அறுத்து வைத்திருக்கிறேன். 17 அங்குலம் கேட்டு வருகிறவர்கள் கையில் அந்தத் துண்டைக் கொடுத்து, அறுந்த இழைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.