பின்சில்லுக்கு மட்டும் இரண்டு ரயர் கேட்டு வராதீர்கள்

இந்த வாரமும் என் கராஜுக்கு ஒன்று வந்தது. ரோ ட்ரக்காரர் இறக்கிவிட்டுப் போன பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ். முன் வலது றிம் நசுங்கி, சில்லைத் தாங்கும் கொன்ட்ரோல் ஆர்ம் வளைந்து, பம்பர் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. 401 ஹைவேயிலிருந்து மார்க்கம் றோட்டுக்கு இறங்கும் வளைவில் ஸ்ரியறிங்கைத் திருப்பத் திருப்ப, கார் கேட்காமல் நேராகப் போய்க் கேர்பில் ஏறியிருக்கிறது. ஓட்டிய தம்பிக்குக் காயம் ஒன்றும் இல்லை. "அண்ணை, போன கிழமைதான் புது வின்ரர் ரயர் போட்டனான், எப்பிடிச் சறுக்கினது எண்டு விளங்கேல்லை" என்றார். குனிந்து பார்த்தேன். பின்னால் இரண்டும் புத்தம் புதுசு, ரப்பர் மயிர்கூட இன்னும் உதிரவில்லை. முன்னால் இரண்டும் தேய்ந்த ஓல் சீசன், அதாவது எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கும் சாதாரண ரயர். "பின்சில்லு இழுக்கிற கார்தானே, பின்னுக்கு இரண்டு போதும், காசும் மிச்சம்" என்று யாரோ சொல்லி விற்றிருக்கிறார்கள்.

ஒவ்வொரு நவம்பரிலும் இதே கேள்விதான். "அண்ணை, இரண்டு ரயர் என்ன விலை?" நான் நாலு என்றதும் முகம் மாறும். கடைக்காரன் காசு பிடுங்கப் பார்க்கிறான் என்று நினைப்பது தெரியும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எந்தச் சில்லு இழுக்கிறது என்பது கார் புறப்படும்போதும் வேகம் எடுக்கும்போதும் மட்டும் பேசவேண்டிய விஷயம். நிற்பதற்கு நாலு சில்லும் வேண்டும். திரும்புவதற்கு முன் சில்லு வேண்டும். பிறேக் பிடித்தால் காரின் எடை முன்னுக்குச் சாயும், நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் இரண்டு ரயரின் தலையில்தான் விழும். அந்த முன் ரயர் குளிரில் விறைத்துப்போன ஓல் சீசன் என்றால், பின்னால் எவ்வளவு நல்ல ரயர் இருந்தும் கார் திரும்பாது, நேரே போகும். அந்தத் தம்பிக்கு நடந்தது இதுதான்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. பின்னால் நல்ல ரயர் இருப்பதால் சிக்னலில் பச்சை விழுந்ததும் கார் சறுக்காமல் ஒழுங்காகப் புறப்படும். ஓட்டுபவருக்குத் தைரியம் வந்துவிடும். நாலும் மோசம் என்றால் புறப்படும்போதே பின்பக்கம் ஆடி, "இன்றைக்குப் பார்த்துப் போ" என்று கார் சொல்லியிருக்கும். இரண்டு மட்டும் மாற்றினால் அந்த எச்சரிக்கை போய்விடும். முதல் தகவல் வளைவில்தான் கிடைக்கும். முன்சில்லு இழுக்கும் கார் வைத்திருப்பவர்கள் சிரிக்கவேண்டாம். நீங்கள் முன்னுக்கு இரண்டு மட்டும் போட்டால் பிறேக் பிடிக்கும்போது பின்பக்கம் சுழன்று முன்னுக்கு வரும். நாலு சில்லும் இழுக்கும் ஓல் வீல் டிரைவ்காரர்களே, உங்கள் கார் நன்றாகப் புறப்படும், உண்மைதான். நிற்பதற்கு அது எந்த உதவியும் செய்யாது.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை, அதனால்தான் இங்கே இந்தப் பேரம் நடக்கிறது. ஆனால் 2016 ஜனவரி முதல் ஒன்ராறியோவின் இன்சூரன்ஸ் கொம்பனிகள் வின்ரர் ரயருக்குத் தள்ளுபடி கொடுத்தே ஆகவேண்டும். கேட்டுப் பார்த்தீர்களா? பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. என்னிடம் மட்டும் பத்து டொலருக்கு அரை மணித்தியாலம் கதைப்பார்கள்.

ரயரின் பக்கவாட்டைப் பாருங்கள். மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். அந்தப் படம் இருக்கவேண்டும். எம் பிளஸ் எஸ் (M+S) என்ற எழுத்து மட்டும் இருந்தால் அதை வின்ரர் ரயர் என்று எடுக்காதீர்கள். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண ரப்பர் விறைக்கத் தொடங்கும், பனி விழவேண்டும் என்றே இல்லை. ஸ்போர்ட் மொடல்களோடு வரும் கோடை ரயரில் டிசம்பரில் ஓடுவது தற்கொலை. பாவித்த ரயர் வாங்குபவர்கள் பக்கவாட்டில் டொட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3514 என்றால் 2014ஆம் ஆண்டின் 35ஆவது கிழமை செய்தது. ரயரின் பூ (மேல் வெட்டு) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த ரப்பர் இப்போது மரக்கட்டைதான்.

இன்னொன்று: சில பின்சில்லுக் கார்களில் பின் ரயர் முன்னதைவிட அகலம். பார்க்க அழகு. பனியில் அகல ரயர் மேலே மிதக்கும், ஒடுங்கியது வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். கார் செய்தவர்கள் அனுமதிக்கும் சிறிய றிம்மில் நாலும் ஒரே அளவாகப் போடுங்கள். விலையும் குறையும்.

அப்புறம், பின் சில்லு சறுக்காமலிருக்கப் பின்னுக்குப் பாரமாகப் போடும் மண் மூட்டை. ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது, பழைய பிக்கப் வண்டிகளுக்கு அது சரியும்கூட, அவற்றின் பின்பக்கம் வெறும் தகரம். இப்போதைய பின்சில்லுச் செடான்கள் பலவற்றில் முன்னும் பின்னும் ஏறக்குறையச் சம எடை. டிக்கியின் கடைசியில் மூட்டையை அடுக்கினால் முன் சில்லு இலேசாகும், சறுக்கும்போது பின்பக்கம் இன்னும் வேகமாக வீசும், நிறுத்தும்போது அந்தப் பாரமும் சேர்ந்து தள்ளும். பிக்கப்பில் போடுவதென்றால் பின் அச்சுக்கு நேர் மேலே, நகராமல் கட்டி வையுங்கள்.

சரி, ஓட்டுவதற்கு வருவோம். பின்சில்லு காரில் ஆபத்தான இடம் ஹைவே அல்ல, ஹைவேக்கு ஏறும் வளைவு. திரும்பிக்கொண்டே வேகமும் எடுக்கிறீர்கள். பின் ரயரிடம் இரண்டு வேலையை ஒன்றாகக் கேட்கிறீர்கள், பனியில் அந்த ரயரால் ஒன்றைத்தான் செய்யமுடியும். ஸ்ரியறிங் நேரான பிறகு அக்சிலறேற்றரை மிதியுங்கள். பின்னால் வருபவர் ஹோர்ன் அடிக்கட்டும்.

காரின் பின்பக்கம் வலதுபக்கம் சறுக்கிப் போனால் ஸ்ரியறிங்கையும் வலதுபக்கம் திருப்புங்கள். கண் நீங்கள் போகவேண்டிய இடத்தில் இருக்கட்டும், மோதிவிடுவோமோ என்று பயப்படும் கம்பத்தில் அல்ல. பிறேக்கைத் தொடாதீர்கள். அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுங்கள், ஆனால் வெடுக்கென்று எடுக்காதீர்கள். ஏனென்றால் இந்தக் கார்களில் என்ஜின் இழுத்துப் பிடிப்பதும் பின் சில்லைத்தான். கியரைச் சடாரென்று குறைப்பதும் அதே தவறு. கார் நேராகத் தொடங்கியதும் ஸ்ரியறிங்கையும் நேராக்குங்கள். பிந்தினால் மற்றப் பக்கம் சுழலும், அந்த இரண்டாவது சுழற்சியைப் பிடிப்பது மிகக் கடினம்.

ஊபர் ஓடும் தம்பிமார் கட்டாயம் கவனிக்கவேண்டிய இடம் இது. ரெஸ்லா மொடல் 3, ஹியுண்டாய் அயோனிக் 5 போன்றவற்றில் விலை குறைந்த வகை பின்சில்லு இழுவைதான். காலை எடுத்ததும் மோட்டர் மின்சாரம் சேமித்துக்கொண்டே பிறேக் பிடிக்கும், அதுவும் பின் சில்லில் மட்டும். உலர்ந்த றோட்டில் சுகம். ஐஸில் காலை முழுதாக எடுப்பது கை பிறேக்கை இழுப்பதற்குச் சமம். அதைக் குறைக்க செற்றிங் இருந்தால் பனி நாளில் குறையுங்கள். இல்லையென்றால் காலை மெல்ல மெல்ல விடப் பழகுங்கள். கொம்பியூட்டர் பார்த்துக்கொள்ளும் என்கிறீர்கள். 2011 செப்ரெம்பருக்குப் பிறகு கனடாவில் விற்பதற்குச் செய்த எல்லாக் காரிலும் சறுக்கலைத் திருத்தும் அமைப்பு கட்டாயம் இருக்கிறது. அது வேலை செய்வதும் ரயரின் பிடியை நம்பித்தான்.

மைனஸ் இருபதில் எல்லோரும் பயந்து பயந்து ஓட்டுவார்கள். பூச்சியத்தில் பயப்படமாட்டார்கள். பூச்சியத்தை ஒட்டிய ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும், அதுதான் அதிகம் வழுக்கும். பாலங்கள் மற்ற றோட்டுக்கு முன்பே உறையும். சிக்னலுக்கு முன் கார்கள் நின்று நின்று மெருகேறிய இடமும் மோசமாக வழுக்கும். மற்ற நாள்களில் பிறேக் பிடிக்கும் இடத்துக்கு வெகு முன்பே பிடியுங்கள். சில்லு பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் கிடுகிடுவென்று காலை உதறினால் பயந்து காலை எடுக்கவேண்டாம், அழுத்தியபடியே வைத்திருங்கள்.

புதைந்துவிட்டால் அக்சிலறேற்றரை ஏறி மிதிக்காதீர்கள். சூட்டில் பனி உருகி ஐஸாகும், குழிதான் ஆழமாகும். சில்லுக்கு முன்னும் பின்னும் வாரிவிட்டு மண்ணோ பூனை மண்ணோ (பூனை மலம் கழிக்கும் தட்டில் போடும் மண்) தூவி, சில்லு வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் ட்ராக்ஷன் கொன்ட்ரோலை நிறுத்தி, முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள். வெளியே வந்ததும் மறக்காமல் ட்ராக்ஷன் கொன்ட்ரோலைத் திரும்பப் போடுங்கள். கார் ஓடியபடி காத்திருப்பதென்றால் முதலில் சைலன்சர் குழாயை மூடிய பனியை எடுங்கள். புகை உள்ளே வந்தால் நித்திரையோடு போய்விடுவீர்கள்.

முதல் பனி விழுந்த மறுநாள் வந்து வரிசையில் நின்று என்னோடு சண்டை பிடிக்காமல், தயவுசெய்து ஒக்ரோபர் கடைசியிலேயே வாருங்கள். குளிர் கூடக் கூட ரயரில் காற்று இறங்கும், மாதம் ஒருமுறை பாருங்கள். றிம் மாற்றி 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கவேண்டும். ஐந்து நிமிட வேலை, நான் காசு வாங்குவதில்லை, அப்படியும் பாதிப் பேர் வருவதில்லை.