எம்.சி.பி.க்குத் தெரியாத சூடு

கீசர் பிளக்கைக் கழற்றி சாக்கெட்டைப் பாருங்கள். மூன்று துளைகளில் ஒன்று மட்டும் பழுப்பேறி, ஓரம் லேசாக இளகியிருந்தால், பழசாகிவிட்டது என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். வீட்டு வயரிங் வேலையில் ஷார்ட் சர்க்யூட்டைவிட இந்த மாதிரிக் கருகிய பாயிண்ட்டுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அளவுக்கு மீறி மின்னோட்டம் போனால் தானே விழுந்து லைனை அணைக்கும் சுவிட்ச்தான் எம்.சி.பி. வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: "எம்.சி.பி. போட்டிருக்கோமே, அது ஏன் விழல?"

பதில் பள்ளிக்கூடக் கணக்கிலேயே இருக்கிறது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, அதாவது ஓம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றாவதாக ஒன்று வரும்: ஆம்பியரின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினாலும் வாட்தான். கருகிய சாக்கெட்டின் கதை முழுக்க இந்த மூன்றாவதில் இருக்கிறது.

2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். வகுத்தால் அதன் காயிலின் தடை ஏறத்தாழ 26.4 ஓம். இப்போது சாக்கெட்டுக்குள் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வையுங்கள். மொத்தத் தடை 27 ஓமை நெருங்கும், மின்னோட்டம் 8.5 ஆம்பியராகக் குறையும். ஆமாம், குறையும். 16 ஆம்பியர் எம்.சி.பி. எதற்கு விழப்போகிறது? ஃபேஸில் போனது அப்படியே நியூட்ரலில் திரும்பி வருவதால், மின்கசிவைப் பிடிக்கும் ஆர்.சி.சி.பி.யும் சும்மாதான் இருக்கும். ஆனால் அந்த அரை ஓமில் 8.5 × 8.5 × 0.5, சுமார் 36 வாட் வெப்பம் உண்டாகிறது. ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதைவிடப் பெரிய ஒன்றை பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடியதுபோல இது. சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் பித்தளைப் பிடிப்பு இளகும், மேல்பரப்பு கறுக்கும், தடை இன்னும் கூடும்.

"இதே பாயிண்ட்ல டிவி இத்தனை வருஷமா ஓடுச்சே" என்பார்கள். ஓடியிருக்கும். 100 வாட் டிவி இழுப்பது 0.43 ஆம்பியர், அதே அரை ஓமில் அது உண்டாக்கும் வெப்பம் 0.1 வாட்கூட இல்லை. கீசர் அதைப்போல 20 மடங்கு இழுத்தால் வெப்பம் 20 மடங்கு இல்லை, 400 மடங்கு. 16 ஆம்பியர் பிளக்கை ஏதோ ஒரு அடாப்டர் போட்டு 6 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகுகிறவர்கள் இந்த 400-ஐ யோசிக்க வேண்டும்.

சரி, இந்த அரை ஓமை எப்படிக் கண்டுபிடிப்பது? புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்கள் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பார்க்கிறார்கள். அது இங்கே உதவாது. மீட்டர் ஒயருக்கே பத்தில் சில பங்கு ஓம் தடை இருக்கும். போதாததற்கு, மீட்டர் அனுப்பும் துளி மின்னோட்டத்தில் நன்றாக இருப்பதாகக் காட்டும் இணைப்பு, முழு லோடில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். லோடு போட்டு வோல்ட்டும் ஆம்பியரும் எடுத்து, தடையைக் கணக்குப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு கணக்கு பார்ப்போம். கீசரை அணைத்திருக்கும்போது மெயின் போர்டிலும் சாக்கெட்டிலும் 231 வோல்ட். போட்டதும் போர்டில் 229, சாக்கெட்டில் 221. ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் 8.4 ஆம்பியர் காட்டுகிறது. (கிளாம்பை ஒற்றை ஒயரில் போட வேண்டும், ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் வரும்.) போர்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே 8 வோல்ட் காணாமல் போகிறது. 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 15 மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் தடை 0.24 ஓம், அதற்கு 2 வோல்ட் போகட்டும். மீதி 6 வோல்ட் எங்கே? 6-ஐ 8.4-ஆல் வகுத்தால் 0.7 ஓம். பெருக்கினால் 50 வாட். வழியில் ஏதோ ஒரு ஜங்ஷன் பாக்ஸிலோ சுவிட்சிலோ இந்த 50 வாட் வெந்துகொண்டிருக்கிறது. சுவிட்சின் இரு முனைக்கும் நடுவே, அப்புறம் அடுத்த இணைப்பில் என்று லோடு ஓடும்போதே வோல்ட் பார்த்துக்கொண்டு போனால் இடம் அகப்பட்டுவிடும். இது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் லைனில் செய்யும் வேலை. வயர்மேன் செய்யட்டும், நீங்கள் கை வைக்காதீர்கள்.

இந்த நேரடிக் கணக்கு கீசர், அயர்ன் பாக்ஸ் மாதிரி வெறும் சூடேறும் பொருட்களுக்குத்தான் சரிப்படும். மோட்டாரில் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வருவது காயிலின் தடை ஆகாது. பெருக்கி வருவதும் அசல் வாட் இல்லை, பவர் ஃபேக்டர் (பெருக்கி வருவதில் எத்தனை பங்கு அசல் வாட் என்று சொல்லும் எண்) நடுவில் வரும். வோல்டேஜ் இறங்கினாலும் கீசரும் மோட்டாரும் எதிரெதிர். 180 வோல்ட்டில் கீசர் 1225 வாட்டுக்கு இறங்கித் தண்ணீரைத் தாமதமாகச் சுடவைக்கும், அவ்வளவுதான். லோடில் ஓடும் மோட்டாரோ அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கீசர் பதினைந்து நிமிடம் ஓடியதும் சுவிட்சை அணைத்து, ஈரமில்லாத கையால் பிளக்கைக் கழற்றி, பின்களுக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். இளஞ்சூடு இருக்கலாம். தொட முடியாத அளவுக்குச் சூடு, கருகிய வாடை, அல்லது ஒரு பின் மட்டும் மற்றதைவிட அதிகச் சூடு என்றால் அந்தப் பாயிண்ட்டை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

மாற்றும்போது சாக்கெட்டோடு பிளக்கையும் மாற்றுங்கள். கருகிய பின்னைப் புது சாக்கெட்டில் சொருகினால் அதே தடையைத்தான் அங்கேயும் கொண்டுபோகிறீர்கள். ஒயரின் நுனி கறுத்திருந்தால் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு முறுக்கச் சொல்லுங்கள். ஒயர் குட்டையாகிவிடும் என்று வயர்மேன் தயங்கினால், ஒயரையே மாற்றச் சொல்லுங்கள்.