ஊறுதிறன்: எண்ணெய்க் கிணற்றுக்கு ‘உற்பத்தித்திறன்’ ஏன் பொருந்தாது

அக்கா மகன் பெட்ரோலியப் பொறியியல் படிக்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட ஒரு பயிற்சிக் குறிப்பைக் கொண்டுவந்து காட்டினான். முதல் வரியே இப்படி: “கிணற்றின் உற்பத்தி செயல்திறனைப் பகுப்பாய்வு செய்து மேம்படுத்துதல்.” அதே பக்கத்தில் ‘உற்பத்தித்திறன் குறியீடு’ ஐந்து தடவை வருகிறது. கீழே ‘உள்பாய்வு செயல்திறன் உறவு’, அதற்கும் கீழே ‘தோல் காரணி’. இந்த உற்பத்தித்திறனை நான் பல வருடங்களாகக் கேட்டுச் சலித்திருக்கிறேன். ஆனால் இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான். காரணம் என் அப்பா.

அவன் படித்ததைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், “அப்புச்சிக்கு ஒண்ணும் வெளங்கல கண்ணு. அந்தக் கெணத்துல என்னதான் பண்றாங்க?” என்றார். அவன் குறிப்பை மூடிவைத்துவிட்டுத் தன் சொந்தத் தமிழில் சொன்னான். கிணற்றைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அடியில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பார்கள், அப்புறம் மூடிவைத்து அது எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு ஏறுகிறது என்று பார்ப்பார்கள்.

“ஊத்து எப்படின்னு பாக்கறாங்க. மோட்டாரப் போட்டா எத்தன மணி நேரம் நிக்குது, நிறுத்துனா எந்நேரத்துல ஊறுதுன்னு. அதத்தானே?”

அதைத்தான். அறுபது வருடம் கிணற்றுப் பாசனம் செய்த மனிதர் ஒரே சொல்லில் பிடித்த விஷயத்தை, அச்சடித்த குறிப்பு ஒரு பக்கம் முழுக்க எழுதியும் பிடிக்கவில்லை.

முதலில், ‘உற்பத்தித்திறன் குறியீடு’ என்று மொழிபெயர்த்த அந்த ஆங்கிலச் சொல். புரொடக்டிவிட்டி இண்டெக்ஸ் என்பார்கள், சுருக்கமாக பி.ஐ. அதன் வேர் லத்தீன்: ‘முன்னால் கொண்டுவருதல்’ என்று பொருள். உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவது என்ற அந்தப் பழைய பொருளில்தான் எண்ணெய்க்காரர்கள் இதை வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் பொருள் செய்வது என்ற பொருள் இங்கே இல்லை. நம் ‘உற்பத்தி’ வடமொழி. ‘மேலெழுதல், தோன்றுதல்’ என்பது அதன் வேர்ப்பொருள். இரண்டையும் அகராதியில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவர் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிவிட்டார். வேர் விஷயம் இவ்வளவுதான்.

இனி அந்தச் சொல் எதை அளக்கிறது என்று பார்ப்போம். பாறைக்குள் எண்ணெய் ஓர் அழுத்தத்தில் இருக்கிறது. கிணற்றின் அடியில் அதைவிடக் குறைந்த அழுத்தம். இந்த வித்தியாசம்தான் எண்ணெயைக் கிணற்றை நோக்கித் தள்ளுகிறது. கிணற்றடியில் ஒரு அலகு அழுத்தத்தைக் குறைத்தால் ஒரு நாளைக்கு எத்தனை கன மீட்டர் ஊறி வரும் என்பதே பி.ஐ. ஒரு கணக்குப் போடுவோம். முதல் கிணற்றில் பாறை அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ, கிணற்றடியில் 150. நாளைக்கு 100 கன மீட்டர் வருகிறது. வித்தியாசம் 50, ஆகவே பி.ஐ. 2. இரண்டாவது கிணற்றில் பாறையில் அதே 200, அடியில் 190. வருவது 60 கன மீட்டர்தான். ஆனால் வித்தியாசம் 10 மட்டுமே, ஆகவே பி.ஐ. 6.

இப்போது யாரிடமாவது கேளுங்கள், எந்தக் கிணற்றுக்கு ‘உற்பத்தித்திறன்’ அதிகம் என்று. நாளைக்கு 100 தருகிற கிணறுதான் என்பார்கள். அப்படித்தான் அந்தச் சொல் அவர்களைச் சொல்ல வைக்கும். எந்தக் கிணற்றில் ஊற்று நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள். கொஞ்சம் இறைத்ததுமே சுரந்து நிற்கிற இரண்டாவது கிணற்றைக் காட்டுவார்கள். பொறியாளருக்கு வேண்டிய பதில் இந்த இரண்டாவதுதான். முதல் கிணற்றில் பாறை இறுக்கமாக இருக்கலாம், அல்லது ஊற்றுக்கண்ணில் அடைப்பு இருக்கலாம். இரண்டாவதில் பாறை தாராளமாகத் தருகிறது, மேலே குழாயோ வால்வோ தடுக்கிறது. ஒன்றுக்கு அடியில் வைத்தியம், மற்றதற்கு மேலே. நோய் எங்கே என்று காட்டத்தான் இந்தக் குறியீட்டையே கண்டுபிடித்தார்கள். அதைத் தலைகீழாகப் புரியவைக்கிற ஒரு சொல்லை எப்படி ஏற்றுக்கொள்வது?

‘உற்பத்தி’ பக்கம் நின்று வாதாடியவர்களும் உண்டு. நண்பர் ஒருவர் கேட்டார்: “காவிரி குடகில் உற்பத்தியாகிறது என்று எழுதுகிறோமே, அங்கே தொழிற்சாலையா இருக்கிறது? அதேபோல எண்ணெயும் உற்பத்தியாகட்டும்.” நல்ல கேள்வி, நானும் இரண்டு நாள் யோசித்தேன். ஆறு உற்பத்தியாகிறது என்றால் அது அங்கே பிறக்கிறது, தொடங்குகிறது என்று பொருள். அந்தப் பொருளை வைத்துக்கொண்டால் எண்ணெய் உற்பத்தியானது பல கோடி ஆண்டுகளுக்கு முன், மூலப்பாறையில், மக்கிய உயிர்ப்பொருள் சூட்டில் வெந்தபோது. கிணறு தோண்டிய இடத்தில் அது பிறக்கவில்லை, வந்து சேர்கிறது. ஆகவே நதியைக் காட்டி வாதாடினால் ‘உற்பத்தி’ இன்னும் தூரமாகத்தான் போகிறது.

உற்பத்தித்திறன் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வீடும் இருக்கிறது. ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் எத்தனை சட்டை தைக்கிறார், ஓர் ஏக்கரில் எத்தனை மூட்டை நெல் விளைகிறது என்பதற்கெல்லாம் அது சரியாகப் பொருந்துகிறது. இலங்கையில் தேசிய உற்பத்தித்திறன் செயலகம் என்று ஓர் அரசு நிறுவனமே இருக்கிறது. அங்கே அந்தச் சொல் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அதை இழுத்துவந்து பாறைக்குள் திணிக்க வேண்டாம்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது ‘செயல்திறன்’ மேல். பெர்ஃபாமென்ஸ் என்றாலும் செயல்திறன், எஃபிஷியன்சி என்றாலும் செயல்திறன், சில இடங்களில் கெப்பாசிட்டிக்கும் அதுவே. அந்தக் குறிப்பில் ஒரு வாக்கியம்: “பம்பின் செயல்திறன் குறையும்போது கிணற்றின் செயல்திறனும் குறைகிறது.” முதல் செயல்திறன், செலவழித்த மின்சாரத்தில் எத்தனை விழுக்காடு வேலையாகிறது என்பது. இரண்டாவது, கிணறு எப்படி நடந்துகொள்கிறது என்பது. இரண்டும் இரண்டு உலகம். தேர்வு எழுதுகிற பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? மொழிபெயர்ப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எழுதுவதற்கு முன் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று ஒரு தடவை யாரிடமாவது கேளுங்கள். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் என்று நேர்க்கோடு போட்டுக்கொண்டே போவதால்தான் அறிவியல் தமிழ் படிக்க முடியாததாக இருக்கிறது என்ற பெயர் வந்தது. பழி தமிழின் மேல் விழுகிறது.

சரி, உற்பத்தித்திறனுக்குப் பதிலாக நான் சொல்வது ஊறுதிறன். ஊறுதல் என்றால் மெல்ல மெல்லக் கசிந்து வந்து சேர்தல். ஊற்று, ஊறல், ஊறுகாய் எல்லாம் இந்த வேர்தான். வாயில் எச்சில் ஊறுகிறது என்கிறோம். “தொட்டனைத் தூறும் மணற்கேணி” என்கிறது குறள். தோண்டிய அளவுக்கு மணல் வழியே நீர் ஊறி வருகிற கேணி. எண்ணெய்க் கிணற்றிலும் நடப்பது இதுவே. பாறைக்குள் எண்ணெய் ஏரிபோலத் தேங்கி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மணற்கல்லிலோ சுண்ணாம்புக் கல்லிலோ உள்ள நுண்துளைகளில் அது நிறைந்திருக்கிறது, அங்கிருந்து கசிந்து வருகிறது. இந்தக் கசிவின் விதியை 1856இல் வெளியிட்ட ஹென்றி டார்சி, பிரான்சின் டிஜோன் நகரத்துக் குடிநீருக்காக மணல் வழியே தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தவர். பெட்ரோலியப் பொறியியல் இன்றுவரை அவர் விதியின் மேல்தான் நிற்கிறது. தண்ணீர்க் கிணற்றுச் சொல்லை எண்ணெய்க்குக் கொடுப்பது பாமரத்தனம் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஒரு தடை உண்டு. ‘ஊறு’ என்றால் தீங்கு, இடையூறு என்றும் பொருள். ஊறுதிறன் என்றால் கெடுதல் செய்யும் திறன் என்று படிக்கமாட்டார்களா? ஊறுகாயை யாரும் தீங்கு செய்யும் காய் என்று படிப்பதில்லை. பக்கத்தில் கிணறு என்ற சொல் இருக்கும்போது மயக்கத்துக்கு இடமே இல்லை. இலக்கணமும் துணை நிற்கிறது. இது வினைத்தொகை. ஊறிய திறன், ஊறுகின்ற திறன், ஊறும் திறன் மூன்றும் இதற்குள் அடக்கம். அதனால்தான் நடுவில் ‘த்’ வராது. ‘ஊறுத்திறன்’ என்று எழுதிவிடாதீர்கள்.

ஊறுதிறன் கிடைத்ததும் அதன் ஜோடி தானாக வந்தது. கிணற்றடிக்கு வந்த எண்ணெய் ஆயிரக்கணக்கான மீட்டர் குழாயில் மேலே ஏற வேண்டும். அதற்கு ஏறுதிறன். ‘உள்பாய்வு செயல்திறன்’, ‘வெளிப்பாய்வு செயல்திறன்’ என்று மூச்சு வாங்குகிற இடத்தில் ஊறுதிறன், ஏறுதிறன். ஒவ்வொரு கிணற்றடி அழுத்தத்துக்கும் எவ்வளவு ஊறும், எவ்வளவு ஏறும் என்பதை ஊறுகோடு, ஏறுகோடு என்று ஒரே வரைபடத்தில் போட்டால், அவை வெட்டும் இடத்தில்தான் கிணறு ஓடும். ஊறுகோடு எப்போதும் நேர்கோடாக இருக்காது. அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனால், சோடா பாட்டிலைத் திறந்தது போல எண்ணெயில் கரைந்திருந்த வாயு பிரிந்து, எண்ணெயின் வழியை அடைத்துக்கொள்ளும், கோடு வளையும். அந்த வளைவுக்கு வோகல் என்ற பொறியாளர் 1968இல் கொடுத்த சமன்பாட்டை இன்றும் பயன்படுத்துகிறார்கள். இப்படி இரண்டு கோடும் வெட்டும் இடத்தைப் பார்த்துக் கிணற்றைக் கணிக்கும் நோடல் அனாலிசிஸுக்குக் ‘கணுப் பகுப்பாய்வு’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். கரும்பின் கணு கண் முன்னால் வருகிறது. அவருக்கு என் வணக்கம்.

ஏற அழுத்தம் போதாத கிணறுகளுக்கு ‘செயற்கைத் தூக்கல்’ என்கிறது குறிப்பு. கிணற்றிலிருந்து மேலே கொண்டுவருவதற்கு இறைத்தல் என்ற சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது. குஜராத்தின் மேசானா எண்ணெய் வயல்களில் தலையாட்டிக்கொண்டு நிற்கும் பம்புகளைப் பார்த்தால் ஏற்றம் நினைவுக்கு வராமல் இருக்காது. அது இறைப்பு. குழாய்க்குள் வாயுவைச் செலுத்தி எண்ணெயின் கனத்தைக் குறைத்து மேலே கொண்டுவந்தால் வாயு இறைப்பு.

‘தோல் காரணி’க்கு வருகிறேன். துளையிடும்போது சேறு புகுந்து கிணற்றைச் சுற்றியுள்ள பாறை அடைபட்டுப் போகும். வான் எவர்டிங்கன் என்ற ஆய்வாளர் 1953இல் இந்தக் கூடுதல் தடையை ஒரு மெல்லிய தோலாகக் கற்பனை செய்தார். ஆங்கிலத்தில் அந்தப் படம் நின்றுவிட்டது. தமிழில் தோல் என்றால் வாழைப்பழம்தான் ஞாபகம் வரும். நமக்கு ஊற்றுக்கண் இருக்கிறது. கண் தூர்ந்துபோச்சு, கண் அடைச்சுக்கிச்சு என்று பேசுகிறோம். அதனால் கண்ணடைப்பு எண். பூஜ்யத்துக்கு மேல் போனால் அடைப்பு, கீழே இறங்கினால் இயற்கையைவிட நன்றாகத் திறந்திருக்கிறது என்று பொருள்.

அந்த அடைப்பை நீக்குவதைத்தான் ‘கிணறு தூண்டல்’ என்று எழுதுகிறார்கள். இதில் எனக்கு அழகைவிடப் பெரிய கவலை இருக்கிறது. தூண்டல் என்ற பெயருக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, ஹைட்ரோகுளோரிக் அமிலம் செலுத்திச் சுண்ணாம்புப் பாறையைக் கரைப்பது. இது 1890களிலேயே அமெரிக்காவின் ஒஹையோவில் தொடங்கியது. இன்னொன்று, மிகுந்த அழுத்தத்தில் திரவம் செலுத்திப் பாறையைப் பிளப்பது. 1947இல் கான்சஸின் ஹியூகோட்டன் எரிவாயு வயலில் முதலில் செய்து பார்த்தார்கள். அமிலம் விடுகிறோம் என்றால் மக்கள் கேள்வி கேட்பார்கள். பாறையைப் பிளக்கிறோம் என்றாலும் கேட்பார்கள். தூண்டுகிறோம் என்றால் எதைக் கேட்பார்கள்? நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தைச் சுற்றி எத்தனையோ எண்ணெய்க் கிணறுகள் உள்ள நாடு இது. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்க 2020இல் சட்டமே வந்த நாடு. கிணற்றை ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் உள்ளே நடப்பது தெளிவாகத் தெரிய வேண்டும். அமிலமூட்டல், பாறைப்பிளப்பு என்று தனித்தனியாக, வெளிப்படையாக எழுதுங்கள். இரண்டுக்கும் பொதுப்பெயர் வேண்டுமானால் கண்திறப்பு.

தனித்தமிழ் மட்டுமே எழுத வேண்டும் என்பது என் கட்சி இல்லை. பம்பு, வால்வு, பேரல் எல்லாம் இருக்கட்டும். பேரலை ‘பீப்பாய்’ என்று திருத்துகிறார்கள். பீப்பாயே போர்த்துகீசியரிடமிருந்து வந்ததுதான். புழங்குகிற சொல்லை யாரும் தொட வேண்டாம். ஆனால் புரியவைக்கத்தான் மொழிபெயர்க்கிறோம் என்றால், புரியாத செயல்திறனைவிட அப்பாவின் ஊத்து மேல்.

குறிப்பின் கடைசிப் பக்கத்தில் ‘நீர்வெட்டு 70 விழுக்காடு’ என்று இருந்தது. மின்வெட்டு போல 70 விழுக்காடு தண்ணீரை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உண்மையில், மேலே வருகிற திரவத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு தண்ணீராகிவிட்டது என்று அர்த்தம். மருமகன் அதையும் அப்பாவிடம் கேட்டான். “எண்ணெயில தண்ணி கலந்து வருதா? கலப்புன்னு சொல்லு” என்றார். நீர்க்கலப்பு என்று பென்சிலால் எழுதிக்கொண்டான்.