பயோடீசல்: ஒரு சொல்லும் அதற்குள் இருக்கும் நெய்யும்

பயோடீசல் என்பது எண்ணெயிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் செய்யும் எரிபொருள். அதை விளக்க நல்லெண்ணெயில் தொடங்குவதே எனக்குச் சுலபமாகத் தெரிகிறது. எள் + நெய் = எண்ணெய். எள்ளிலிருந்து எடுத்த நெய் என்பதுதான் அந்தச் சொல்லின் முதல் பொருள். நாளாவட்டத்தில் தேங்காய், கடலை, வேம்பு என எதிலிருந்து பிழிந்தாலும் எண்ணெய் என்றோம். நிலத்துக்கு அடியிலிருந்து வந்ததும் மண்ணெண்ணெய் ஆனது. இப்படிப் பொதுப்பெயராகிவிட்ட பிறகு எள்ளின் எண்ணெய்க்கே ஓர் அடைமொழி தேவைப்பட்டது. அதுதான் நல்லெண்ணெய்.

டீசல் என்ற சொல்லும் ஏறக்குறைய இதே வழியில்தான் வந்திருக்கிறது. ருடால்ஃப் டீசல் 1858இல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியப் பொறியாளர். அவர் பெயர் முதலில் இன்ஜினுக்குப் போனது, அப்புறம் அதில் ஊற்றும் எரிபொருளுக்கும் போனது. 1900 பாரிஸ் கண்காட்சியில் சிறிய டீசல் இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் விளையும் கடலையை வைத்தே அங்கே இன்ஜின் ஓட்டலாம் என்பது பிரெஞ்சு அரசின் எண்ணம். ஆக, பயிர் எண்ணெயில் இன்ஜின் ஓட்டும் யோசனைக்குப் பின்னால் அன்றைக்கே ஓர் அரசு இருந்தது. பிறகு பெட்ரோலியம் மலிவாகக் கிடைத்ததால், டீசல் என்றாலே கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தது என்றாகிவிட்டது. தாவர எண்ணெய் திரும்பி வந்தபோது அதற்கு முன்னால் 'பயோ' சேர்க்க வேண்டியதாயிற்று. கிரேக்கத்தில் 'பயோஸ்' என்றால் வாழ்வு, உயிர்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கடலை எண்ணெயையோ புங்க எண்ணெயையோ அப்படியே டேங்கில் ஊற்றினால் அது பயோடீசல் ஆகாது. பச்சை எண்ணெய் கெட்டியானது, நாளடைவில் இன்ஜினைக் கெடுக்கும். அதனுடன் மெத்தனால் என்ற ஆல்கஹாலும் சிறிது காரமும் (அமிலத்துக்கு எதிரான வேதிப்பொருள்) சேர்த்து வினைபுரிய வைத்தால் கிளிசரின் பிரிந்து அடியில் தங்கும். மேலே நிற்கிற இலகுவான திரவம்தான் பயோடீசல். இந்த முறையில் எரிபொருள் செய்ய 1937இலேயே பெல்ஜியத்தில் காப்புரிமை பெற்றிருக்கிறார்கள்.

இந்தியாவில் இந்தச் சொல் ஊர்ப்பக்கம் பரவியது காட்டாமணக்கோடுதான். ஆடு மாடு தின்னாது என்பதால் வேலிக்கு வைக்கும் செடி அது, விதையில் எண்ணெய் உண்டு. (ஏரி குளங்களில் மண்டும் நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு செடி, பெயரில் நெய் இருந்தாலும் எண்ணெய்க்கு உதவாது.) 2003இல் திட்டக்குழுவின் அறிக்கை காட்டாமணக்கைப் பெரிய அளவில் பயிரிடச் சொன்னது. 2005இல் பயோடீசலை எண்ணெய் நிறுவனங்கள் வாங்குவதற்கான கொள்முதல் கொள்கை வந்தது. 2006 ஜனவரி முதல் லிட்டருக்கு 25 ரூபாய் என்று விலை வைத்தார்கள். உற்பத்திச் செலவே அதற்கு மேல் போனது. மானாவாரி நிலத்தில் செடியும் சொன்ன அளவு காய்க்கவில்லை. நம்பி நட்ட விவசாயிகளுக்குத்தான் நட்டம். இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. 2009இல் வந்த உயிரி எரிபொருள் கொள்கை 2017க்குள் டீசலில் 20 சதவீதக் கலப்பு என்றது. 2018 கொள்கை அதை 2030க்குள் 5 சதவீதம் என்று இறக்கியது.

இங்கே அரசு தருவதை எந்தச் சொல்லால் குறிப்பது? செய்திகளில் எல்லாவற்றையும் 'மானியம்' என்று எழுதிவிடுகிறோம். விலையை முன்கூட்டியே அறிவித்து வாங்குவது கொள்முதல் உறுதி. டீசலில் கலப்பதற்காக எண்ணெய் நிறுவனங்களுக்கு விற்கும் பயோடீசலின் ஜி.எஸ்.டி.யை 2021 செப்டம்பரில் 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைக்க முடிவெடுத்தது வரிச்சலுகை. பழைய வழக்கில் மானியம் என்பது வரி தள்ளிக் கொடுத்த நிலம். கோயில் மானியம் என்று இன்றும் சொல்கிறோம். அந்தப் பொருளில் பார்த்தால் வரிச்சலுகையும் மானியத்துக்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஆனால் இன்றைக்கு மானியம் என்றால் அரசு கையிலிருந்து பணம் தருவது என்றே படிப்பவர் நினைப்பார். அதனால் சலுகை என்பதே சரி.

சரி, பயோடீசலுக்குத் தமிழ் என்ன? 'உயிரி டீசல்' வழக்கில் வந்துவிட்டது. உயிரி என்றால் உயிருள்ளது (நுண்ணுயிரி போல) என்பதால் பொருள் முழுதாகப் பொருந்தவில்லைதான். ஆனால் உயிரி எரிபொருள், உயிரி எரிவாயு என்று ஒரு குடும்பமே நிலைத்துவிட்டது, பிரித்து எடுப்பதில் பயனில்லை. தமிழில் டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பார்கள். ஓர் ஆளின் பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. 'தாவர டீசல்' என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். 2018 கொள்கையின் வரையறையில் சமையலுக்கு ஆகாத தாவர எண்ணெய், பொரித்து மிஞ்சிய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு எல்லாம் வருகின்றன. இத்தனையையும் ஒரே சொல்லில் அடக்க நம்மிடம் இருப்பது நெய். பழந்தமிழில் அது பசு நெய்க்கும் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் பொது. உயிரி டீசல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், 'நெய்யிலிருந்து செய்த டீசல்' என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. பழைய எண்ணெயைச் சேகரித்து உயிரி டீசல் ஆக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தொடங்கியது. அதற்கான அறிவிப்புகளில் 'பயன்படுத்தப்பட்ட சமையல் எண்ணெய்' என்று எழுதுகிறோம். பஜ்ஜிக் கடைக்காரர் அதைப் 'பொரிச்ச எண்ணெய்' என்பார். 'பொரித்த எண்ணெயை மறுபடி அடுப்பில் வைக்காதீர்கள், எங்களிடம் கொடுங்கள், உயிரி டீசலுக்குப் போகும்' என்று எழுதினால் அவருக்கு உடனே புரியும்.